கழட்டத் தெரியாத கடை

உக்காரு தாயி, இது யாருக்கும் துண்டு போட்ட சீட்டு இல்லை. என்கூட வந்தவன் முன்னால உக்காந்திருக்கான். அந்தா, ஊதாச் சட்டை, தலை ஜன்னல்ல சாஞ்சு கிடக்கே, அவன்தான் என் மகன். கதிரேசன். பொம்பளைங்க சீட்டு காலியா இருக்குன்னு என்னை இங்க உக்கார வெச்சிட்டு அங்க போயிட்டான். பையை மடியில வெச்சுக்க. கீழே வெச்சா தூசி அப்பிரும். காரியாபட்டி தாண்டுற வரைக்கும் இந்த பஸ்ஸு இப்படித்தான் தூக்கித் தூக்கிப் போடும்.

மதுரைக்கா? ஆஸ்பத்திரியில நர்ஸு வேலையா. நல்ல வேலை தாயி. நானும் மதுரைக்குத்தான். ஒரு நகைக்கடைக்கு. வாங்குறதுக்கு இல்லை, வாங்குன காலம் எல்லாம் போச்சு. இதைக் கழட்டுறதுக்கு. இந்த ரெண்டு வளையலை.

சிரிக்கிற பாத்தியா. சிரிக்கத்தான் செய்வ. வளையலைக் கழட்ட யாராச்சும் பஸ் ஏறுவாங்களா? எங்க ஊரு நகைக்கடையில கழட்டத் தெரியலையே, என்ன செய்யச் சொல்ற. அருப்புக்கோட்டையில சிகாமணி கடைன்னு ஒன்னு இருக்கு. பெரிய கடை இல்லை. கண்ணாடிப் பெட்டி ரெண்டு, காத்தாடி ஒன்னு, வாறவங்க உக்கார நாலஞ்சு முக்காலி. ஆனா அவங்க அப்பா காலத்துல இருந்து நான் வேற கடைப் படி ஏறினதில்லை. பொட்டுத் தங்கம் வாங்கினாலும் அங்கதான். எங்க தெருவுல எவ கல்யாணம்னாலும் நான்தான் கூட்டிட்டுப் போவேன். அவ்வளவு நம்பிக்கை. அப்பேர்ப்பட்ட கடையில போடத் தெரியுது, கழட்டத் தெரியலை. வெளிய சொன்னா வெக்கக்கேடு.

மெதுவாப் பேசுவோம். முழிச்சிக்கிட்டான்னா, கண்டவங்ககிட்ட என்னம்மா பேச்சும்பான். பாசம்தான், வேற ஒன்னும் இல்லை. என்னை யாரும் ஏமாத்திருவாங்களோன்னு அவனுக்கு எப்பவும் ஒரு பயம்.

இந்த வளையலை எப்படி வாங்குனேன்னு கேளு. நான் மாவு வித்தவ தாயி. இட்லி மாவு. எங்க வீட்டுக்காரர் பாத்த நூல் மில்லை மூடிட்டாங்க, மனுசன் வீட்டுல உக்காந்துட்டாரு. நான் கிரைண்டர் ஒன்னு பிடிச்சுப் போட்டு, அரைச்சு, தூக்குவாளியில தெருத் தெருவாக் கொண்டு போய் வித்தேன். அந்தக் காசுல வாங்குனது. வேற யாரு காசும் இதுல இல்லை. கல்யாணத்துக்குப் போட்டது இல்லை, சீரு வந்தது இல்லை. நானா அரைச்சு, நானாப் போட்டது.

அப்ப சிகாமணிக்கு மீசை கூடச் சரியா முளைக்கலை. அவங்க அப்பா பெட்டிக்குப் பின்னால உக்காந்திருப்பாரு, இவருதான் எடுத்துக் காட்டுவாப்ல. என் கையைப் பாத்துட்டு, "அக்கா, ரெண்டு ஆறு சைஸு எடுங்க, அதான் உங்க கைக்குத் தோது"ன்னாப்ல. ரெண்டு ஆறு பெருசு. பெருசுன்னா தங்கம் கூட. நான் கொண்டு போன காசுக்கு ரெண்டு நாலுதான் வரும். அதை எப்படி வாய்விட்டுச் சொல்றது? "பெருசு வேண்டாம் தம்பி, மாவு கரைக்கையில வழுக்கி உள்ள விழுந்துரும், யாராச்சும் இட்லியோட முழுங்கிருவாங்க"ன்னேன். என் முகத்தை ஒரு பார்வை பாத்தாப்ல. புரிஞ்சிருச்சு. புரிஞ்சாலும் காட்டிக்கிடலை. "அதுவும் சரிதான்"னு சொல்லிட்டு ரெண்டு நாலை எடுத்து வெச்சாப்ல. அதான் தாயி கடை. அதுக்குத்தான் நான் அந்தப் படி ஏறுனது.

ஆனா ஏத்துறதுக்குள்ள உசுரு போயிட்டு வந்துச்சு. கையில பிளாஸ்டிக் கவரைச் சுத்தி, பூந்திக்கொட்டை தண்ணியைத் தடவி, "கட்டைவிரலை உள்ளங்கைக்குள்ள மடக்குங்கக்கா, மடக்கினாத்தான் ஏறும்"னு சொல்லி, ஒரு தள்ளு. ஏறிருச்சு. எனக்குக் கண்ணுல தண்ணி. அவங்க அப்பா பெட்டிக்குப் பின்னால இருந்து சொன்னாரு, "தாயி, இனி இதைத் திருடன்கூடக் கழட்ட முடியாது. நீயா விரலை மடக்கிக் குடுத்தாத்தான் உண்டு." கடை முழுக்கச் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்.

அதுக்கப்புறம் வருசா வருசம் பொங்கலுக்கு முன்னால போவேன். முக்காலியில உக்கார வெச்சு, வளையல் கையில இருக்க, பூந்திக்கொட்டை தண்ணியில சின்ன பிரஷ்ஷை நனைச்சுத் தேச்சு விடுவாப்ல. இடுக்குல எல்லாம் மாவு காஞ்சு கிடக்கும்ல. "அக்கா வளையல்ல ஒரு ஈடு இட்லி ஊத்தலாம்"பாப்ல. காசு வாங்க மாட்டாப்ல. அதுக்கு மேல ஒரு கலர் சோடா உடைச்சுக் குடுப்பாப்ல. சும்மா வேலை வாங்கிட்டுக் கலரையும் குடிச்சிட்டு வாறவ நான் ஒருத்திதான்.

எங்க வீட்டுக்காரர் தவறின பிறகு, பத்தாம் நாள் பெரியவங்க எல்லாம் இதைக் கழட்டணும்னு நின்னாங்க. கண்ணாடி வளையலை உடைச்சாச்சு. இது வரலை. துக்கம் கேக்க வந்திருந்த சிகாமணியையே பிடிச்சு, "வெட்டி விடுய்யா"ன்னாங்க. அவரு என்ன சொன்னாப்ல தெரியுமா? "அது அவங்க சம்பாதிச்சுப் போட்டது. அக்கா வாய்திறந்து வெட்டுன்னு சொன்னா வெட்டுறேன்." எல்லாரும் என்னையப் பாத்தாங்க. எனக்கு அழுது அழுது தொண்டை கட்டியிருந்துச்சு. பேச்சு வரலை. அப்படியே தங்கிருச்சு.

காரியாபட்டி வந்துருச்சா? இறங்குறவங்க இறங்கட்டும். அவன் முழிச்சானா பாரு. இல்லையா. சரி.

இப்ப விசயத்துக்கு வாறேன். கதிரேசனுக்குத் தொழில் கைகூடவே மாட்டேங்குது. புத்திசாலிதான். கோழிப்பண்ணை வெச்சான், கோழிக்குச் சீக்கு வந்துருச்சு. செல்போன் கடை வெச்சான், கூட்டு சேந்தவன் ஏமாத்திட்டான். அவனுக்கு நேரம் சரியில்லை. இப்ப லோடு வண்டி எடுக்கணும்ங்கிறான். பெத்தவ நான் குடுக்காம வேற யாரு குடுப்பா? என் சங்கிலியைக் கேட்டான், குடுத்தேன். லாக்கர்ல பத்திரமா வெச்சிருக்கேம்மா, வண்டி ஓடட்டும் எடுத்துத் தாறேன்னான். பிறகு கம்மலைக் கேட்டான், குடுத்தேன். காதுல இது என்னன்னு அப்ப இருந்து பாத்துக்கிட்டே இருக்கியே, இது வேப்பங்குச்சி தாயி. ஓட்டை தூர்ந்துரக்கூடாதுல்ல. கம்மல் திரும்பி வந்தா எதுல போடுறது?

அந்த லாக்கர்ல வெச்ச சங்கிலி மாதிரியே ஒன்னு சிகாமணி கடைக் கண்ணாடிப் பெட்டிக்குள்ள கிடந்துச்சு ஒருநாள். அதே முறுக்கு, அதே கொக்கி. என் சங்கிலிக் கொக்கி ஒருதடவை விட்டுப்போய், அதே கடையில பத்த வெச்சது. அந்தப் பத்தவெப்பு கூட அப்படியே இருந்துச்சு. நான் குனிஞ்சு பாத்தேன். சிகாமணி சடக்குன்னு தட்டோட எடுத்து உள்ள வெச்சிட்டாப்ல. மூஞ்சி ஒரு மாதிரி ஆயிருச்சு. "பழசு வாங்கையில, பொருளுக்குரியவங்க நேர்ல வந்தாத்தான்னு அப்பா காலத்துல ஒரு முறை வெச்சிருந்தோம்க்கா. அம்மா குடுத்துவிட்டாங்கன்னு ஒருத்தர் சொன்னதை நம்பி அதை விட்டுட்டேன்"னாப்ல. யாரைச் சொல்றாப்ல, எதைச் சொல்றாப்லன்னு நான் கேக்கலை. ஒரே மாதிரி எத்தனையோ பேருக்குச் சங்கிலி செய்வாங்க. அத்தனைக்குமா நான் கணக்குக் கேக்க முடியும்? கடைக்காரருக்கு ஆயிரம் தொல்லை.

அன்னைக்கு இருந்துதான் அந்தக் கடையில வேலை கெட்டுப் போச்சு தாயி. நான் சத்தியமாச் சொல்றேன்.

மொத தடவை கதிரேசன் என்னை வண்டியில கூட்டிட்டுப் போனான். வளையலைக் கழட்டணும்னான். சிகாமணி காலண்டரைப் பாத்துட்டு, "வெள்ளிக்கிழமை தங்கத்துல கத்தி வைக்க மாட்டோம்"னாப்ல. சரின்னு வந்துட்டோம். மறுதடவை போனா ஆடி மாசம். அடுத்த தடவை போனா வெட்டுற ஆசாரி ஊருக்குப் போயிட்டாரு. அதுக்கும் அடுத்த தடவை, "அக்கா கை வீங்கியிருக்கு, வீக்கம் வடியட்டும், இப்ப இழுத்தா தோலு உரிஞ்சிரும்"னாப்ல. கதிரேசன் பல்லைக் கடிக்கிறான். எனக்கு இவருக்காக வெக்கமா இருக்கு. நான் கூட்டிட்டுப் போன ஆளுக எல்லாம் இந்தக் கடையில எப்படி ஏமாந்து நின்னாங்களோன்னு.

எனக்கு என்னமோ அப்படிப் போயிட்டு வாறது ஒரு மாதிரி நல்லாத்தான் இருந்துச்சு. மத்தபடி வெளிய வாறதுக்கு ஏது? மகனும் மருமகளும் வேலைக்குப் போகையில கிரில் கதவை வெளிய பூட்டிட்டுப் போயிருவாங்க. திருட்டுப் பயம். வயசான பொம்பளை தனியா இருக்கேன்ல. சாவியை உள்ள குடுத்தா எங்கயாச்சும் தொலைச்சிருவேன்னு அவன் கொண்டு போயிருவான். எனக்கு உள்ள என்ன குறை? டிவி இருக்கு, சோறு இருக்கு. கிரில்லுக்கு இந்தப் பக்கம் நின்னா தெருவுல போறவங்களைப் பாக்கலாம். மொத மொத கொஞ்சம் மூச்சு முட்டுச்சு. அப்புறம் பழகிப் போச்சு.

ஒருநாள் சிகாமணி வீட்டுக்கே வந்துட்டாப்ல. புதுக் காலண்டரும் ஒரு பொட்டலம் மிட்டாயும் கொண்டு வந்தாப்ல. மார்கழியே பிறக்கலை, அதுக்குள்ள என்ன காலண்டர்? எந்தக் கடைக்காரர் தாயி காலண்டரை வீடு தேடிக் கொண்டு வருவாரு? "என்னக்கா, பூட்டா இருக்கு"ன்னாப்ல. "சாவி மகன்கிட்ட"ன்னேன். பூட்டையே பாத்துக்கிட்டு நின்னாப்ல. வெயிலு வேற. உள்ள கூப்பிட்டு ஒரு வாய் தண்ணி குடுக்க முடியலை. எங்க வீட்டுக்கு வந்த மனுசனுக்குத் தண்ணிச் சொம்பு கிரில் கம்பிக்குள்ள நுழையலை தாயி. அதுதான் எனக்கு ரொம்ப வருத்தம். பிறகு டம்ளர்ல ஊத்தி நீட்டினேன்.

தண்ணியைக் குடிச்சிட்டுச் சொன்னாப்ல. "அக்கா, கடையில உங்க மகன் பக்கத்துல நிக்கிறாரு. இங்கயாச்சும் சொல்லுங்க. கழட்டவா, வேண்டாமா?"

இது என்ன கேள்வி? மகன் கேக்கிறான், கழட்டுறதுதானே. அதை அப்படியே சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்துச்சு. அன்னைக்கும் தொண்டை கட்டிக்கிச்சு. மிட்டாய்ப் பொட்டலத்தைக் கம்பிக்குள்ள தள்ளிட்டு அவரே சொன்னாப்ல, "எந்தக் கடைக்குக் கூட்டிட்டுப் போனாலும், கையில கிடக்கிறதை வெட்டணும்னா அந்தக் கைக்குரியவங்களை ஒரு வார்த்தை கேப்பாங்க. நீங்க வேண்டாம்னு சொன்னா ஒருத்தன் கத்தி வைக்க மாட்டான். இதை மட்டும் மனசுல வெச்சுக்கங்க"ன்னு. எனக்குக் கோபம் வந்துருச்சு. என் பிள்ளையைப் பத்தி என்ன நினைச்சுக்கிட்டாரு? மிட்டாயை மருமகளுக்குத் தெரியாம வெச்சிருந்து நானே தின்னேன். அது வேற விசயம்.

போன வாரம் கடைசியாப் போனோம். கதிரேசன் இன்னைக்கு விடுறதில்லைன்னு நின்னான். சிகாமணியும் சரி வாங்கன்னு கவரைச் சுத்தி, பூந்திக்கொட்டை தண்ணி எல்லாம் தடவி, கடையே கேக்குற மாதிரி, "கட்டைவிரலை நல்லா மடக்குங்கக்கா, மடக்குங்க"ன்னாப்ல. நான் மடக்கப் பாக்கிறேன், முடியலை. ஏன் முடியலைங்கிற? கவருக்கு அடியில என் கட்டைவிரலை அவரு கையால நிமித்தி இறுக்கிப் பிடிச்சிருக்காப்ல. வாயி மடக்குங்குது, கை நிமித்துது. எப்பேர்ப்பட்ட வேலைக்காரரு பாத்துக்க. அந்த இறுக்கு, வலி உசுரு போச்சு. எனக்கு வாய் வரைக்கும் வந்துச்சு, "தம்பி, நீங்கதான் விரலைப் பிடிச்சிருக்கீங்க"ன்னு சொல்ல. அவரு முகத்தைப் பாத்தேன். வேர்த்துக் கொட்டுது. பாவம், இம்புட்டு நாள் தொழில் பண்ணின மனுசனை நாலு பேரு முன்னால குறை சொல்லக்கூடாதுன்னு பேசாம இருந்துட்டேன். "வரலை"ன்னு கையை விட்டுட்டாப்ல.

கதிரேசன் கத்தினான் பாரு, கடையே அதிர்ந்துச்சு. "இதுக்குப் பேரு கடையா, மதுரையில ரெண்டு நிமிஷ வேலை, மிஷின் வெச்சிருக்கான்"னு. சிகாமணி கலரை உடைச்சு என் கையில குடுத்தாப்ல. "மதுரைக்குப் போறீங்களாக்கா?"ன்னு என்னைத்தான் கேட்டாப்ல. நான் கதிரேசனைப் பாத்தேன். கலரைப் பாதியில வெச்சிட்டு வந்துட்டேன். அந்தக் கடையில நான் பாதிக் கலரை வெச்சிட்டு வந்தது அதுதான் மொத தடவை.

இது என்ன, ஏர்போர்ட்டா. அப்ப பெருங்குடி வந்துருச்சு. இன்னும் கொஞ்ச நேரந்தான்.

என்ன தாயி? கையைக் காட்டவா? பாரு, பாரு, ஆஸ்பத்திரிக்காரி நீ, உனக்குத் தெரியும். வீக்கம் எம்புட்டு இருக்குன்னு சொல்லு.

இல்லையா?

நல்லா அமுக்கிப் பாரு. வீங்கின இடத்துல அமுக்கினா குழி விழணுமாம்ல. விழலையா. எலும்புந்தோலுமா இருக்கா. அது ஒழுங்காச் சாப்பிடுறதில்லை, தனியா உக்காந்து தின்னா இறங்க மாட்டேங்குது. ஆனா சிகாமணி வீக்கம்னு சொன்னாப்லயே. தங்கத்தைப் பாத்த கண்ணு, மனுசக் கையைப் பாக்கத் தெரியலை போல.

கட்டைவிரலை மடக்கவா? நீயுமா? சரி, இந்தா மடக்குறேன். இது வராது தாயி, நீ வேணா...

இரு. இரு, இரு. விடு.

பாத்தியா. வளையல் கணு வரைக்கும் வந்துருச்சு. கவரு இல்லை, தண்ணி இல்லை. சும்மா மடக்கினதுக்கே. தள்ளு, மேல தள்ளு. முந்தானையைப் போடு மேல. அவன் பாக்கலையே? திரும்பலையே?

இல்லை தாயி, அழுகலை. ஜன்னல் காத்து.

அப்ப அவருக்குத் தெரிஞ்சிருக்கு. தொட்டதுமே தெரிஞ்சிருக்கும். வருசா வருசம் இந்தக் கையைக் கழுவி விட்ட மனுசன்ல. வெள்ளிக்கிழமைன்னாப்ல, ஆடின்னாப்ல, ஆசாரி ஊருக்குன்னாப்ல. நான் உன்கிட்ட இவ்வளவு நேரம், வேலை தெரியாதவரு, வேலை தெரியாதவருன்னு. நீ போற வாற இடத்துல இதையெல்லாம் சொல்லிராத தாயி. அது நல்ல கடை.

மிஷினா? வெட்டணும்னா என்னைக் கேப்பாங்கன்னாப்ல. கேக்கட்டும். வேண்டாம்னு ஒரு சொல்லு. நீ சொல்லிருவ தாயி, படிச்சவ. பெத்தவ வாயில இருந்து அது எப்படி வரும்? தெருவெல்லாம் மாவுன்னு கூவுன வாயிதான். இந்த ஒரு சொல்லுக்குத் தொண்டை கட்டிக்கிருது. சொல்லிட்டா பிறகு நான் எந்த வீட்டுக்குத் திரும்பிப் போறது? அந்தக் கிரில்லுக்குள்ளதானே போகணும். சாவி அவன்கிட்டதானே இருக்கு.

வில்லாபுரமா? எந்திரிச்சிட்டான்.

ஆங், வாறேன்ய்யா. இந்தா எந்திரிச்சிட்டேன். ஒன்னுமில்லை, சும்மா ஊரு எதுன்னு கேட்டுக்கிட்டு இருந்தேன் இந்தப் பிள்ளைகிட்ட. நீ முன்னால இறங்கு, நான் கம்பியைப் பிடிச்சு வாறேன்.

தாயி, எந்திரிக்க ஒரு கை குடு. அப்படி இல்லை. முந்தானைக்குள்ள விடு. கட்டைவிரலைப் பிடி. மடங்க விடாத, நிமித்திப் பிடி. இன்னும் இறுக்கி. வலிக்கட்டும், பரவாயில்லை.

ஆங், அப்படித்தான் பிடிச்சிருந்தாப்ல.

படி வரைக்கும் விட்டுராத.